ஒன்பது கிரகங்களும் ஒரு துளிக் குருதியும்

நீர்வேலியில் வாழை நடும் கமக்காரன், குட்டியின் கிழங்கைச் சோதியாமல் மண்ணில் வைப்பதில்லை. குழந்தை பிறந்தால் மட்டும் நாம் சாதகம் எழுதுவித்துவிட்டு ஓய்ந்துவிடுகிறோம்.

பிறவி அனுசேபக் குறைபாடுகளுக்குக் கிரகம் காரணமன்று. பினைல்கீற்றோன்யூரியா என்னும் நோயில், உணவுப் புரதத்திலுள்ள பினைல் அலனினை மாற்றும் நொதியம் குன்றுகிறது. அது குருதியில் தேங்கி மூளையைச் சிதைக்கிறது. 1934ஆம் ஆண்டில் நோர்வே மருத்துவர் பொல்லிங் இதனைக் கண்டறிந்தார். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கரான ரொபேட் கத்ரி, சிசுவின் குதிக்காற் குருதியைத் தாளில் உலர்த்திச் சோதிக்கும் எளிய வழியைத் தந்தார். உடனே அறிந்து உணவைத் திட்டப்படுத்தினால் அறிவு காக்கப்படும்.

இலங்கையில், 2010ஆம் ஆண்டு தென் மாகாணத்தில் தொடங்கிய குதிக்காற் சோதனை தைரொயிட்டுக் குறைபாட்டைத் தேடுவது. அவ்வாறே பரம்பரை நோய்களையும் தேடலாம். அவ்வசதி காசுள்ளவரின் தனியுடைமையாகலாகாது.

சோதனை மட்டும் போதுமா? குடும்பத்தாரை இருத்தி உண்மையை விளக்க ஒருவர் வேண்டும். பழுதுற்ற பரம்பரையலகு தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. இருவரும் நலமாகவே இருப்பர். ஒவ்வொரு பேற்றிலும் நான்கிலொரு பங்கு ஆபத்து. தமிழ் படிப்பிக்கும் எனக்கே விளங்கும் கணக்கு இது! ஆயினும் மருமகளின் வயிற்றையே ஊர் தூற்றுகிறது. சீதனக் காணி கைமாறாதிருக்க மச்சானுக்கும் மச்சாளுக்கும் முடிச்சுப் போட்டு அவ்வாபத்தைப் பெருக்கிய பெரியவர்களோ வாய் திறப்பதில்லை.

ஆசிரியர்களே, மாணவர்களே! மெண்டலின் பட்டாணிக் கணக்கைப் பரீட்சைத் தாளோடு விட்டுவிடாதீர்கள். அரசிடம் சோதனையைக் கேளுங்கள். ஊரிடம் அந்தத் தாய்க்கு நீதி கேளுங்கள்.