புஷ் தேய்ஞ்சா புஷ்ஷை மாத்துங்க

கிணத்து மோட்டார்ல புஷ் போயிடுச்சுன்னா நாங்க புஷ் மாத்துவோம், மோட்டாரை மாத்த மாட்டோம். மாட்டு வண்டிச் சக்கரத்தோட குடத்துக்குள்ள இருக்கிற இரும்பு உறை தேய்ஞ்சா உறையைத்தான் மாத்துவாங்க, சக்கரத்தைத் தூக்கி வேலியில வீச மாட்டாங்க. இதுக்கெல்லாம் ஒரு பதிவான்னு கேட்பீங்க. போட வேண்டியிருக்குங்க. காருன்னு வந்துட்டா மட்டும் இந்தச் சாதாரண புத்தியை நாம எல்லாரும் கழட்டி வெச்சிடறோம். நகரத்துல இருக்கிறவங்க கொஞ்சம் அதிகமாவே கழட்டி வெச்சிடறீங்க. கோவிச்சுக்காதீங்க, படிச்சு முடிச்சிட்டுத் திட்டுங்க.

எங்க வீட்டு வண்டி 2004 மாடல் மாருதி 800. 1983 கடைசியில ரோட்டுக்கு வந்து 2014 தொடக்கத்துல உற்பத்தியை நிறுத்தின வண்டி. முப்பது வருஷம் ஓடின மாடல்ங்கிறதால சாமான் ஒட்டன்சத்திரத்துலயும் கிடைக்கும், பழனியிலயும் கிடைக்கும். அம்மாவை மாசம் ஒரு தடவை திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறது, பின் சீட்டை மடக்கிட்டு விடிகாலையில முருங்கைக்காய்க் கட்டை மார்க்கெட்டுக்குக் கொண்டு போறது, ரெண்டுக்கும் இது ஒண்ணுதான். ஐப்பசி மழையில ரோடெல்லாம் பல்லைக் காட்டினப்புறம் முன்னாடி இடது பக்கம் 'டொக் டொக்'னு சத்தம். பிரேக் அடிச்சா வண்டி ஒரு பக்கமா இழுத்துச்சு.

டவுன்ல ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்புல காட்டினேன். வண்டியைத் தூக்கிப் பார்த்துட்டு ஒரு பேப்பர் நீட்டினாங்க. ரெண்டு பக்க லோயர் ஆர்மும் முழு செட்டு, ஸ்டெபிலைசர் சாமான், லேபர், வரி எல்லாம் சேர்த்து பதினோராயிரத்து நானூறு. எதனால ஆர்ம் மாத்தணும்னு கேட்டேன். புஷ் போயிடுச்சுங்க சார்னு பதில். சரி, புஷ்ஷை மட்டும் போடுங்கன்னேன். "அப்படியெல்லாம் வராதுங்க சார், அசெம்ப்ளியாத்தான் வரும். இந்த வண்டிக்கு இவ்வளவு செலவு பண்றதுக்கு எக்ஸ்சேஞ்ச்ல போட்டுட்டு வேற எடுத்துடலாமே."

எங்க ஊர்ப்பக்கம் டிராக்டர் உழவு மணிக்கு ஆயிரத்துச் சொச்சம். அவங்க கேட்டது எனக்குப் பத்து மணி நேர உழவுக் காசு. அதே தெருவுல நாலு கடை தள்ளி இருக்கிற ஸ்பேர் பார்ட்ஸ் கடையில ரெண்டு ஆர்ம் புஷ், ஸ்டெபிலைசர் பார் ரப்பர் எல்லாம் சேர்த்து எண்ணூத்து அறுபது ரூபாய்க்கு வாங்கினேன். வராதுன்னு சொன்ன சாமான், கண்ணாடிப் பெட்டிக்குள்ள தொங்கிட்டு இருந்துச்சு.

புஷ்ஷுன்னா என்னன்னு தெரியாதவங்களுக்குச் சொல்லிடறேன். சக்கரத்தையும் வண்டியோட உடம்பையும் ஒரு இரும்புக் கை இணைக்குது, அதுதான் ஆர்ம். சக்கரம் பள்ளத்துல இறங்கி ஏறும்போது அந்தக் கை மேலயும் கீழயும் ஆடணும். இரும்பும் இரும்பும் நேரா உரசினா சத்தமும் வரும், தேய்மானமும் வரும். அதனால ஆர்ம் உடம்போட சேர்ற இடத்துல ரெண்டு இரும்புக் குழாய்க்கு நடுவுல ரப்பரை ஒட்டி ஒரு உருளையா வெச்சிருக்காங்க. உள் குழாய் போல்ட்டோட இறுகி நிக்கும், வெளிக் குழாய் ஆர்மோட இறுகி நிக்கும், நடுவுல இருக்கிற ரப்பர் முறுக்கிக்கிட்டு ஆட்டத்தைத் தாங்கும். லாரிக்காரங்க சைலன்ட் பிளாக்னு சொல்றதும் இந்த ஜாதிதான். கன்னியாகுமரி மலையோரத்துல மரத்தைக் கீறிப் பால் வடிக்கிறாங்களே, பெரும்பாலும் அந்த இயற்கை ரப்பர்தான் இதுக்குள்ள இருக்கு. வெயில், வயசு, கசியற எண்ணெய், பள்ளம், இதெல்லாம் சேர்ந்து அதைக் கிழிக்கும். கிழியறது ரப்பர். இரும்புக் கைக்கு ஒரு கேடும் இல்லை. வளையலைன்னா, துரு தின்னலைன்னா, போல்ட் ஓட்டை பெருசாகலைன்னா அந்த ஆர்ம் இன்னும் பல வருஷம் உழைக்கும்.

ஒர்க்‌ஷாப்காரர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கு, அதையும் சொல்லணும். பழைய புஷ்ஷை அழுத்தி எடுத்துப் புதுசு ஏத்தறதுக்குக் கை வேலை அதிகம். முழு ஆர்மை மாட்டினா நேரம் மிச்சம், ஒரு ஆள் நாளைக்குக் கூட ரெண்டு வண்டி பார்க்கலாம். பல மாடல்கள்ல சக்கரத்துப் பக்கம் இருக்கிற பால் ஜாயின்ட் ஆர்மோடயே சேர்ந்து வருது. அந்த ஜாயின்ட்டும் ஆடுச்சுன்னா முழு ஆர்ம் மாத்துறதுதான் சரி, அதுல நான் வம்புக்கு வரலை. ஆனா அதைச் சொல்லி வாங்கணும்ல? பால் ஜாயின்ட் நல்லா இருக்கு, புஷ் மட்டும் போயிருக்கு, எங்களுக்கு நேரம் இல்லை, அதனால உங்க காசுல இரும்பு மாத்தறோம்னு சொன்னா நான் யோசிச்சு முடிவு பண்ணுவேன். வராதுன்னு சொல்றதுதான் பொய்.

நடுவுல இந்த வேகத்தடையைப் பத்தியும் ஒரு வார்த்தை. இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொல்ற கணக்குப்படி வட்ட மேட்டு வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம் இருக்கணும். மணிக்கு 25 கிலோமீட்டர்ல போனா வண்டி அலுங்காம ஏறி இறங்கிடும். எங்க ரோட்டுல ஒரு முழ அகலத்துக்குச் சுவர் மாதிரி எழுப்பி வெச்சிருக்காங்க, பெயின்ட்டும் இல்லை. ராத்திரியில அதுல விழுந்து எழுந்திரிச்ச வண்டி எல்லாத்தோட புஷ்ஷும் பாவம். இந்தச் செலவை யாரு கட்டறது?

சரி, வீட்டுல மாத்தறதுக்கு வருவோம். இங்கதான் எனக்கு இன்னொரு கூட்டத்து மேல கோவம். மொபைல்ல வீடியோ போடுறாங்க பாருங்க, வண்டியோட வர்ற ஜாக்கியில ஒரு பக்கத்தைத் தூக்கி, கீழ ரெண்டு செங்கல்லை வெச்சுட்டு உள்ள படுத்துக்கிட்டு 'ரொம்ப ஈஸி மக்களே'ங்கறாங்க. செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் பாரத்துல சொல்லாம கொள்ளாம நொறுங்கும். ஜாக்கி தூக்குறதுக்கு மட்டும்தான், தாங்குறதுக்கு இல்லை. ஸ்டாண்டு ரெண்டு வாங்குங்க, இல்லைன்னா இந்த வேலையைத் தொடாதீங்க. களிமண் தரையிலயும் வேண்டாம், சிமென்ட் களம் வேணும். பின் சக்கரத்துக்கு முன்னயும் பின்னயும் கட்டை கொடுக்கணும். முன்பக்கம் ரெண்டு சைடையும் சேர்த்தே தூக்கி ஸ்டாண்டுல உட்கார வைக்கணும். 800ல ஸ்டெபிலைசர் பாரோட முனை ஆர்முக்குள்ள நுழைஞ்சு வருது. ஒரு பக்கம் மட்டும் தூக்கினா அந்தக் கம்பி முறுக்கிக்கிட்டு நிக்கும், நட்டைக் கழட்டுற நேரத்துல விரலைப் பதம் பார்க்கும்.

முதல்ல புஷ்தான் போச்சான்னு உறுதி பண்ணணும். ஆர்முக்கும் சட்டத்துக்கும் நடுவுல ஒரு கடப்பாரை நுனியைக் கொடுத்து மெதுவா நெம்புங்க. ரப்பர்னா கொஞ்சம் அசையத்தான் செய்யும். உள் குழாய் தனியா துள்ளினாலோ, ரப்பர் கிழிஞ்சு வாய் பிளந்தாலோ மாத்த வேண்டியதுதான். மேலாப்புல முடி மாதிரி வெடிப்பு இருக்குன்னு மாத்தச் சொல்றவன் வியாபாரி.

கழட்டுறது பெரிய வித்தை இல்லை. ஸ்டெபிலைசர் முனை நட்டு, பால் ஜாயின்ட்டைப் பிடிச்சிருக்கிற போல்ட், உள் பக்க ஆர்ம் போல்ட், அவ்வளவுதான். இருபது வருஷத் துருவுக்கு முந்தின நாள் சாயங்காலமே துரு எண்ணெய் அடிச்சு வெச்சிடணும். ஆர்ம் கழண்டதும் சக்கரப் பக்கம் வெளிய சாயும், அதைக் கம்பி போட்டுக் கட்டுங்க. பிரேக் ஹோஸ்ல தொங்க விடக் கூடாது, வெளியில ரொம்ப இழுத்தா டிரைவ் ஷாப்ட்டும் உள்ள இருந்து கழண்டு வந்துடும். ஸ்பிரிங்கைத் தொடவே வேண்டாம். இந்த வண்டியில ஸ்பிரிங் மேல ஸ்ட்ரட்டோட தனியா நிக்குது, அதனாலதான் வீட்டுல செய்யலாம்ங்கறேன். ஆர்ம் மேலயே ஸ்பிரிங் அழுந்தி உட்கார்ந்திருக்கிற வண்டின்னா வீட்டு வாசல்ல கை வெக்காதீங்க. அந்த ஸ்பிரிங் தெறிச்சா ஆளை அடிக்கும்.

பழைய புஷ்ஷை எடுக்க ஆர்மை நெருப்புல போட்டு ரப்பரை எரிக்கிறவங்க இருக்காங்க. அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது, சூட்டுல இரும்போட பலமும் போகும். நான் எடுத்துட்டுப் போனது லேத் பட்டறைக்கு. பிரஸ்ஸுல வெச்சு ரெண்டு ஆர்முக்கும் எடுத்து ஏத்திக் கொடுத்தாரு, இருநூறு ரூபாய். பட்டறை பக்கத்துல இல்லைன்னா ஒரு த்ரெட் ராட், ரெண்டு நட்டு, புஷ்ஷை விடக் கொஞ்சம் பெரிய குழாய்த் துண்டு, கனமான வாஷர், இது போதும். நட்டைத் திருகத் திருகப் புஷ் நகரும். எடுக்கறதுக்கு முந்தி பழசு எந்தப் பக்கம் எவ்வளவு நீட்டிட்டு இருந்துச்சுன்னு அளந்து குறி வெச்சுக்கணும். ஏத்தும்போது சோப்புத் தண்ணி மட்டும் தடவுங்க. கிரீஸ், டீசல், இஞ்சின் ஆயில் எதுவும் வேண்டாம், இயற்கை ரப்பர் அதைக் குடிச்சு ஊதிடும். சுத்தியால நடு மண்டையில அடிக்கவும் கூடாது, வெளிக் குழாயைத்தான் அழுத்தணும்.

இனி சொல்றது பல மெக்கானிக்குகளே செய்யாத விஷயம். ஆர்மைத் திரும்ப மாட்டும்போது உள் பக்க போல்ட்டை முழுசா முறுக்கக் கூடாது. சக்கரம் அந்தரத்துல தொங்கும்போது ஆர்ம் கீழ சாஞ்சிருக்கும். அப்பவே இறுக்கிட்டீங்கன்னா ரப்பர் அந்தச் சாய்வுல பிடிச்சுக்கும். வண்டியைக் கீழ இறக்கினதும் ஆர்ம் மேல வரும், ரப்பர் முறுக்குன நிலையிலயே நாள் பூரா நிக்கும். தூங்கும்போது கூடக் கையை முறுக்கி வெச்சுக்கிட்ட மாதிரி. அப்புறம் 'புது புஷ் போட்டு ஆறு மாசத்துல கிழிஞ்சிடுச்சு, கம்பெனி சாமான் சரியில்லை'ன்னு பேச்சு. போல்ட்டைக் கை இறுக்கமா விட்டு, சக்கரத்தை மாட்டி, வண்டி பாரம் சக்கரத்துல உட்கார்ற மாதிரி இறக்கி, ரெண்டு தடவை அமுக்கி ஆட்டி விட்டு, அப்புறம் டார்க் ரெஞ்ச் வெச்சுக் கடைசி முறுக்கு. எவ்வளவு முறுக்கணும்னு சர்வீஸ் மேனுவல்ல இருக்கும். அரை மணி நேரம் கூட ஆகும், அவ்வளவுதான். அவசரத்துல லிப்ட்டுல தொங்க விட்டே எல்லாத்தையும் முறுக்குற இடத்துல பதினோராயிரம் கொடுத்து முழு ஆர்ம் போட்டாலும் அந்தப் புஷ்ஷும் இதே கதிதான்.

வேலை முடிஞ்சதும் அலைன்மென்ட் பார்த்தாகணும், அதுல கஞ்சத்தனம் வேண்டாம். டயரோட உள் ஓரம் மட்டும் தேய்ஞ்சுக்கிட்டே போனா மிச்சம் பிடிச்ச காசு டயர்ல போயிடும்.

சென்னையில இருக்கிற எங்க அக்கா பையன் இதைக் கேட்டுட்டு, "மாமா, இந்த வயசுல வண்டிக்கு அடியில படுக்கணுமா, வித்துத் தொலைங்களேன்"ங்கறான். அக்கறையிலதான் சொல்றான். ஆனா விக்கச் சொல்றது அவன் மட்டும் இல்லை. பதினைஞ்சு வருஷம் தாண்டின காருக்கு ரெஜிஸ்ட்ரேஷன் புதுப்பிக்கிற கட்டணம் 600 ரூபாயா இருந்துச்சு, 2022 ஏப்ரல்ல அதை 5,000 ஆக்கினாங்க. நான் 2019ல பழைய கணக்குலயும் 2024ல புதுக் கணக்குலயும் கட்டியிருக்கேன். வண்டி நல்லா இருக்கா, புகை தள்ளுதான்னு சோதிங்க, கெட்டுப் போன வண்டியை நிறுத்துங்க, நான் வேண்டாம்னு சொல்லலை. வயசைப் பார்த்து எதுக்கு எட்டு மடங்கு? ஒரு பக்கம் 2022 ஜூலையில மத்திய நுகர்வோர் துறை, பழுது பார்க்கும் உரிமைக்குன்னு ஒரு குழு போட்டுச்சு. அந்தப் பட்டியல்ல விவசாயக் கருவியும் இருக்கு, வாகனமும் இருக்கு. சாமானும் மேனுவலும் வாங்கினவனுக்கே கிடைக்கணும்னு பேசறாங்க. இன்னொரு பக்கம் புஷ் தனியா வராதுங்கறாங்க, பழசை எக்ஸ்சேஞ்ச்ல போடுங்கறாங்க. அந்த உரிமை எங்க ஊரு ஒர்க்‌ஷாப் வாசல் வரைக்கும் இன்னும் வந்து சேரலை.

எல்லாரும் வண்டிக்கு அடியில படுங்கன்னு நான் சொல்லலை. அபார்ட்மென்ட்ல இருக்கீங்க, பார்க்கிங்ல ஸ்டாண்டு போட்டா செக்ரட்டரி சண்டைக்கு வருவாரு, புரியுது. ஒர்க்‌ஷாப்புலயே விடுங்க. ஆனா ஆர்ம் மாத்தணும்னு சொன்னா, பால் ஜாயின்ட் ஆடுதா புஷ் கிழிஞ்சிருக்கான்னு நெம்பிக் காட்டச் சொல்லுங்க. புஷ் மட்டும்னா புஷ்ஷை நீங்களே வாங்கிட்டு வந்து கொடுங்க, அழுத்துற கூலியைத் தாராளமாவே கொடுங்க, அது நியாயமான கூலி. கடைசி முறுக்கை வண்டி தரையில நிக்கும்போது கொடுக்கச் சொல்லி, பக்கத்துல நின்னு பாருங்க. அப்படியும் முழு ஆர்மைத்தான் மாத்தினாங்கன்னா, கழட்டின பழசை டிக்கியில போட்டுக் கொடுக்கச் சொல்லுங்க. அது உங்க சாமான். தர மாட்டேன்னா பில்லுல கையெழுத்துப் போடாதீங்க.