மேய்ப்பனைச் சோதிப்பது பாவமா?

ஊழியக்காரரை எடைபோடுவது விசுவாசிக்கு அழகன்று, அபிஷேகம் பெற்றவரைத் தொடலாகாது என்று வேதமே விலக்கியிருக்கிறது என்பர் சிலர். அவர்கள் சுட்டும் 105ஆம் சங்கீதத்தை முழுமையாகப் படித்தவர் இவ்வாறு பேசத் துணியார். நிலமற்று அலைந்த முற்பிதாக்களைத் துன்புறுத்தாதீர் என்று அரசர்களுக்கு விடுத்த எச்சரிக்கை அது. எளியோரைக் காக்க எழுந்த சொல்லைத் தலைவருக்குக் கேடயமாக்குவது எவ்வகை நேர்மை? பவுலின் போதனையையே பெரோயா பட்டணத்தார் நாள்தோறும் வேதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தனர். அப்போஸ்தலர் நடபடிகள் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை, பாராட்டுகிறது.

"இத்தனை நற்பணி செய்பவர் கள்ளப் போதகராக இருப்பாரா?" என்பது அடுத்த வாதம். ஜிம் ஜோன்ஸை நினைவுகூர்வோம். 1950களில் இண்டியானாபொலிஸில் கறுப்பரையும் வெள்ளையரையும் ஒரே சபையில் அமர்த்தியவர். பசித்தோர்க்கு இலவச உணவும் முதியோர்க்கு இல்லமும் தந்தவர். 1976இல் சான் பிரான்சிஸ்கோ மேயர் அவரை வீட்டுவசதி ஆணையத்தில் நியமித்தார். கனியைக் கண்டு மரத்தை அறியப் புகுந்தோர் அன்று இனிப்பென்றே சொல்லியிருப்பர். சபைக்குள்ளோ, உறுப்பினர் தம் சொத்துகளை எழுதிக்கொடுத்தனர், பலர்முன் அடிபட்டனர், அவரை 'அப்பா' என்றழைத்தனர். கயானாக் காட்டுக்குச் சென்றபின் கடவுச்சீட்டுகளும் பறிக்கப்பட்டன.

1978 நவம்பர் 18 அன்று ஜோன்ஸ்டவுனில் 909 பேர் மாண்டனர். அவர்களுள் 300க்கும் மேற்பட்டோர் சிறார். அன்றைய கூட்டத்தின் ஒலிப்பதிவு இன்றும் இருக்கிறது. கிறிஸ்டின் மில்லர் என்னும் பெண்மணி ஒருவர் எழுந்து, குழந்தைகளேனும் வாழவேண்டாமா என்று வாதிடுகிறார். அவரை அடக்கியது ஜோன்ஸ் மட்டுமன்று; சுற்றியிருந்த விசுவாசிகளின் கூச்சலும்தான்.

நற்பணி கனியின் தோல். மறுத்துப் பேச இடமுண்டா, விலகிப்போக வழியுண்டா என்பவையே உள்ளிருக்கும் சுளை. ஐயுற்ற தோமாவை இயேசு சபைவிலக்கம் செய்யவில்லை, காயத்தைக் காட்டினார். சீடர் பலர் பின்வாங்கியபோது வழிமறிக்கவில்லை; பன்னிருவரிடமும், நீங்களும் போக விரும்புகிறீர்களா என்றே வினவினார். உண்மையான இரட்சகர் அஞ்சாத இவ்விரு கேள்விகளுக்கும் ஒரு போதகர் அஞ்சுவாரானால், அவரைப்பற்றி வேறென்ன சான்று வேண்டும்?

வரும் ஞாயிறன்று உங்கள் சபையின் வரவுசெலவுக் கணக்கைப் பணிவாகக் கேட்டுப் பாருங்கள். கணக்கு வந்தால் நன்று. கணக்குக்குப் பதில் சாபம் வந்தால், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வெளியேறுங்கள்.