தூரத்து இண்டர்வியூவும் தலையெழுத்தும்

உத்தியோகத்திற்கு ஆள் பொறுக்குகின்றவர்கள் ஓரிடத்தில் கூடி உட்கார்ந்து, மனுப் போட்டவர்களையெல்லாம் ரயிலேறி வரச் சொல்லி, வாசலில் காக்க வைத்து விசாரித்து வந்த வழக்கம் 2020-ம் வருஷத்துக் கொரோனா காலத்திலிருந்து பெரிதும் மாறிப் போயிற்று. இப்போது கமிட்டியார் நாலு பேர் நாலு ஊரில் இருந்துகொண்டே, மனுதாரரைக் கம்ப்யூட்டர் திரையில் பார்த்துக் கேள்வி கேட்கின்றார்கள். ரயில் சார்ஜுக்குக் கடன் வாங்காமல் குடியானவன் வீட்டுப் பெண்ணும் பெரிய உத்தியோகத்திற்குப் போட்டியிட இதனால் வழி பிறந்திருப்பதை நாம் மனப்பூர்வமாய் வரவேற்கின்றோம்.

ஆனால், பழைய புரட்டு இதிலும் புது வேஷம் போட்டுக்கொண்டு வருகின்றது. பேச்சு நடுவில் இண்டர்நெட் அறுந்து போனால், "பாவம், அதிர்ஷ்டமில்லை" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடும் கமிட்டியார் இருக்கின்றார்கள். இதில் அதிர்ஷ்டம் எங்கே வந்தது என்று கேட்கின்றோம். டவர் தூரத்தில் இருப்பது பிரமன் எழுதிய எழுத்தா? லைன் அறுந்ததற்குக் காரணம் யந்திரம். அதற்காக மார்க்கு அறுந்தால் அதற்குக் காரணம் மனிதனேயன்றி வேறு யார்? முதல் நாளே ஒரு தடவை கூப்பிட்டுச் சோதித்துப் பார்க்கலாம். படம் நின்றுபோனால் படத்தை நிறுத்திவிட்டுக் குரலை மட்டும் வைத்துக் கொள்ளலாம்; குரலுக்கு வேண்டிய இண்டர்நெட் வெகு சொற்பம். அதுவும் போனால் சாதாரண டெலிபோன் இருக்கின்றது. போன நிமிஷங்களைத் திருப்பிக் கொடுத்தால் கமிட்டியாருக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

நிற்க, "கண்ணைப் பார்த்துப் பேசவில்லை, பதில் சொல்லத் தயங்குகின்றார்" என்று சொல்லி ஆளைத் தள்ளுவது சாமுத்திரிகா லட்சணம் பார்ப்பதற்கு எந்த விதத்தில் குறைந்தது? திரையிலுள்ள முகத்தைப் பார்த்துப் பேசுகிறவரின் கண், கேமரா மேலேயிருப்பதால் கீழே பார்ப்பதுபோல் தெரியும். குரல் தாமதமாய் வந்து சேர்ந்தால் பேசுகிறவர் கவனமற்றவராய்த் தோன்றுகின்றார் என்பதை 2014-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியே காட்டியிருக்கின்றது. இவ்வளவும் போதாதென்று, பின்னால் தெரியும் கீற்றையும் சுவரிலுள்ள படத்தையும் பார்த்து அந்தஸ்தையும் ஜாதியையும் அளக்கின்றவர்களும் உண்டு.

இண்டர்வியூ என்றால் யோக்கியமாய்த்தான் இருக்கும் என்று நம்புவோருக்கு ஒன்று சொல்லுவோம். ஸ்ரீநகர் இஞ்சினீயரிங் காலேஜில் பிள்ளைகளைச் சேர்க்க மொத்த மார்க்கில் மூன்றில் ஒரு பங்கை இண்டர்வியூவுக்கு ஒதுக்கி, ஆளுக்குச் சராசரி 2, 3 நிமிஷமே விசாரித்து, தாய் தகப்பன் யார், எந்த ஊர் என்றே கேட்டார்கள் என்று அஜய் ஹாசியா வழக்கு வந்தது. 1980 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டார், நூற்றுக்கு 15-க்கு மேல் இண்டர்வியூவுக்கு ஒதுக்குவது தான்தோன்றித்தனம் என்று தீர்ப்புக் கூறியதோடு, விசாரணையை டேப்பில் பதிவு செய்வது நல்லது என்றும் சொன்னார்கள். அது படிப்பு விஷயமானாலும் நியாயம் ஒன்றுதான். அன்று டேப்புக்குத் தனி யந்திரம் வேண்டியிருந்தது. இன்று ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். அப்படியிருந்தும், மனுதாரர் சம்மதத்தோடு பதிவு செய்யப் பின்வாங்குவானேன்?

ஆகவே, எல்லோருக்கும் ஒரே கேள்விகள், ஒரே அவகாசம் கொடுக்கப்பட வேண்டும். நாலு பேரும் ஒரே சமயத்தில் பேசிக் குழப்பாமல், யார் எப்போது கேட்பதென்று தலைவர் பேர் சொல்லி அழைக்க வேண்டும். கமிட்டியார் தங்களுக்குள் கலந்து பேசுமுன் ஒவ்வொருவரும் தனித்தனியே மார்க்கு எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால், பெரியவர் சொன்னதற்கு மற்றவர்கள் தலையாட்டுவதே தீர்ப்பாகிவிடும்.

மனுதாரத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. லைன் அறுந்தால் "என் தலைவிதி" என்று மூலையில் உட்காராதீர்கள். அறுந்த நேரத்தைக் குறித்து, அன்றே எழுதி, மறுபடியும் விசாரிக்கும்படி கேளுங்கள். அது பிச்சையல்ல, உங்கள் பாத்தியதை.