அறை நிறைய மனிதர்கள்

ஒரே அறையில் பலர் வசித்தால் பேச்சுத் துணைக்கு என்ன பஞ்சம் என்று நேயர்கள் கேட்கலாம். 2020 ஏப்ரலில் ஸிங்கப்பூரில் கொரோனா பரவியபோது, சுமார் 3 லட்சம் அயல்நாட்டுத் தொழிலாளர் வசித்த விடுதிகள் அடைக்கப்பட்டன. அவர்களுள் நம் தமிழர்களும் அநேகர். அறைக்குப் பத்துப் பன்னிரண்டு கட்டில்கள். ஆயினும் அடுத்த அறை நண்பனிடம் போகக் கூடாது! ஞாயிறுதோறும் சிராங்கூன் சாலையில் ஊர்க்காரரைக் கண்டு க்ஷேமம் விசாரிப்பதும் நின்றது. எஞ்சியது கைப்பேசி. அதில் மனைவியிடம் மனம் விட்டுப் பேசலாமென்றால், அறை முழுவதும் காதாயிருக்கிறது!

சோறும் வைத்தியமும் கிடைத்தன, வாஸ்தவம். நகரவாசிகள் அவ்வாண்டு ஜூனிலேயே உணவுச்சாலைகளில் கூடினர். விடுதிவாசிகளையும் சில மாதங்களில் வேலைக்கு அனுப்பினார்கள். ஆனால் நகருக்குள் உலாவ, அதுவும் வெகு சிலருக்கே, அனுமதி கிடைத்தது 2021 செப்டம்பரில்! வேலைக்குப் போகிறவன் ஊர்க்காரனைப் பார்க்க மட்டும் ஏன் கூடாதென்பது நமக்கு விளங்கவில்லை.