பழைய அச்சுப்பொறியைப் பரணில் ஏற்றலாமா?

எமக்குத் தெரிந்த நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் புதிய கணிப்பொறி வந்து இறங்கியது. சனிக்கிழமை கூலிப் பட்டியல் அடிக்க வேண்டும். வாசலில் அங்கத்தினர்கள் காத்திருந்தனர். பத்தாண்டுகளுக்கு மேலாகக் குறைவின்றி உழைத்த லேசர் அச்சுப்பொறியை அதனுடன் பொருத்தியபோது, அப்படியொரு பொருள் இருப்பதாகவே கணிப்பொறி ஒப்புக்கொள்ளவில்லை. "பழையதைத் தள்ளிவிட்டுப் புதியது வாங்குங்கள்" என்பதே பலரும் கூறிய யோசனை.

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாள் முடிவுற்றது. அதனால் வேலூர், குடியாத்தம், ஆம்பூர் வட்டாரத்துச் சங்கங்களும், தோல் பதனிடும் சாலைகளின் அலுவலகங்களும் இக்கேள்வியை எதிர்நோக்க வேண்டியிருக்கிறது. அவசர முடிவு கூடாது என்பது நமது கருத்து.

இங்கே கெட்டுப்போனது அச்சுப்பொறி அன்று. கணிப்பொறியின் பேச்சை அதற்கு எடுத்துரைக்கும் 'டிரைவர்' என்னும் மென்பொருள்தான் இல்லாமற் போயிற்று. 2021இல் வெளிவந்த விண்டோஸ் 11, 64 பிட் வகையில் மட்டுமே உள்ளது. முன்னாளில் 32 பிட் வகைக்கென எழுதப்பட்ட டிரைவர்கள் அதில் செல்லா. புதுப் பாவு வந்ததற்காக நெசவாளர் எவரும் தறியை விறகாக்குவதில்லை. தீர்ந்த பாவின் நுனிகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைத்து, அதே தறியில் நெய்கிறார். டிரைவர் செய்வதும் அந்தப் பிணைப்பு வேலையே.

லேசர் அச்சுப்பொறிகளில் இரு வகை உண்டு. பி.சி.எல்., போஸ்ட்ஸ்கிரிப்ட் என்னும் பொது மொழிகளைத் தாமே அறிந்தவை ஒரு வகை. இவற்றுக்குப் பெரும்பாலும் பொதுவான டிரைவரே போதும். பக்கத்தை உருவாக்கும் வேலையைக் கணிப்பொறியிடமே விட்டுவிடும் மலிவு வகை மற்றொன்று. லேசர்ஜெட் 1020 இவ்வகையைச் சேர்ந்தது. மின்சாரம் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் அதன் உள்நிரலையும் கணிப்பொறியே அனுப்பியாக வேண்டும். இத்தகையவற்றுக்கு, உற்பத்தியாளர் கைவிட்டால் வழியடைபடும். பல மாதிரிகளுக்குத் தன்னார்வலர்கள் தாமே ஆராய்ந்து, லினக்ஸில் இயங்கும் டிரைவர்களை எழுதி இலவசமாக அளித்திருக்கின்றனர்.

மேற்சொன்ன சங்கத்தில் செய்ததும் இதுவே. ஒதுக்கிவைத்த பழைய கணிப்பொறியில் லினக்ஸை ஏற்றி, அச்சுப்பொறியை அதனுடன் இணைத்து, வலையமைப்பின் வழியே புதிய கணிப்பொறிக்குப் பகிர்ந்தனர். செலவு ஒரு கம்பியும், ஓர் இளைஞரின் ஒரு பிற்பகலும்தான். கூலிப் பட்டியல் அன்று மாலையே வெளிவந்தது.

இதில் கூட்டுறவாளர் கவனிக்கத்தக்க வரலாறும் உண்டு. ஏறக்குறைய 1980இல், அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்தில் லேசர் அச்சுப்பொறி ஒன்றில் அடிக்கடி தாள் சிக்கிற்று. அதைத் திருத்துவதற்கு வேண்டிய மூலநிரலை ரிச்சர்டு ஸ்டால்மன் கேட்டார்; மறுக்கப்பட்டது. 1983இல் அவர் க்னூ திட்டத்தை அறிவித்ததற்கு அம்மறுப்பும் ஒரு தூண்டுதல். ஒருவர் அறிந்ததைப் பலருக்கும் பயன்படச் செய்வது, பெயர் எதுவாயினும், கூட்டுறவே அன்றோ!

எல்லாப் பழம்பொருளையும் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று நாம் கூறவில்லை. டிரம்மும் சூடேற்றும் பாகமும் தேய்ந்து, பழுது பார்க்கும் செலவு புதியதன் விலையை நெருங்குமாயின் விட்டுவிடுவதே விவேகம். அப்போதும் குப்பையில் எறியலாகாது; அங்கீகாரம் பெற்ற மின்கழிவு நிலையத்திடமே ஒப்படைக்க வேண்டும். கழிவைக் கண்மறைவாகத் தள்ளுவதன் விளைவைப் பாலாற்றங்கரை மக்களாகிய நமக்கு எவரும் போதிக்க வேண்டியதில்லை. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது நமது வட்டாரத்துத் தோல் சாலைகளைப் பற்றிய வழக்கில்தான்.

ஆகவே நிர்வாகக் கமிட்டிகளுக்கு நாம் சொல்வன இவை. புதியது வாங்குவதாயின், பொது மொழி அறிந்ததா, வலையமைப்பு இணைப்பு உடையதா என்று கேட்டு வாங்குக. டிரைவரின் பிரதி ஒன்றைச் சங்கத்திலேயே பத்திரப்படுத்துக. பழையதை நீக்கும் தீர்மானம் நிறைவேற்றுமுன், விஷயம் அறிந்த ஒருவரைக் கொண்டு ஒரு நாள் முயன்று பார்க்குக. செலவாகும் ஒவ்வொரு ரூபாயும் தறிக்குழியிலும் வயலிலும் வியர்வை சிந்தி ஈட்டப்பட்டது என்பதை மறவாதிருப்போமாக.