சொந்த ஊரில் விசாவோடு

அமெரிக்காவில் எந்த ஊர் நல்ல ஊர் என்ற விவாதத்துக்கு ஓஎம்ஆரில் கிளைக் கழகங்களே உண்டு. சிறுசேரி சிப்காட் உணவகங்களிலும், பரனூர் மகிந்திரா சிட்டி வாசலிலிருக்கும் டீக்கடைகளிலும், கேளம்பாக்கம் அடுக்ககங்களின் நீச்சல் குளக்கரைகளிலும் இது ஓயாமல் நடக்கிறது. "டல்லாஸ் பக்கம் போயிடு மச்சி. ஸ்டேட் டாக்ஸ் கிடையாது, தனி வீடு, பின்னாடி தோட்டம்" என்பது ஒரு கட்சி. "பே ஏரியா வெதர் வேற எங்க வரும்? வேலை போனாலும் ரோட்டைத் தாண்டினா அடுத்த வேலை" என்பது எதிர்க்கட்சி. "எடிசன்ல இறங்கினா கோயில் இருக்கு, இட்லி இருக்கு, அம்மா அப்பா வந்தா போரடிக்காது" என்று நியூ ஜெர்சிக்கு ஒரு மூன்றாவது அணி. சியாட்டில் மழைக்கும் அட்லாண்டா வெயிலுக்கும் சுயேச்சைகள்.

இந்தப் பேச்சு வெட்டி என்று சொல்ல வரவில்லை. ஆழமான ஆய்வோடு நடக்கும் பேச்சு அது. ஃப்ரிஸ்கோவில் எந்தத் தெரு எந்தப் பள்ளியின் எல்லைக்குள் வருகிறது, அந்தப் பள்ளிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண், டெக்சாஸில் வருமான வரி இல்லாததைச் சொத்து வரி எப்படித் தின்றுவிடுகிறது என்றெல்லாம் எக்ஸெல் போட்டுச் சொல்வார்கள். என் புகார் வேறு. அதே ஆளிடம் அவர் குடியிருக்கும் அடுக்ககம் எந்த ஊராட்சியில் இருக்கிறது, அதன் தலைவர் யார், வீட்டு வாசலில் ஓடும் கால்வாய் எந்த ஏரிக்குப் போகிறது என்று கேளுங்கள். பதில் வராது. எட்டாயிரம் மைல் தள்ளியிருக்கும் ஊரைப் பற்றி நிபுணராக இருப்பவர் தன் வாசலைப் பற்றி ஒன்றும் அறியாதவராக இருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்.

முதலில் இந்தப் பட்டியல்களைப் பார்ப்போம். அமெரிக்காவில் யூ.எஸ். நியூஸ் என்ற நிறுவனம் ஆண்டுதோறும் வாழச் சிறந்த ஊர்களை வரிசைப்படுத்துகிறது. 2021-ல் முதலிடம் கொலராடோவின் போல்டர். 2022-ல் அலபாமாவின் ஹன்ட்ஸ்வில். 2023-ல் விஸ்கான்சினின் கிரீன் பே. 2024-ல் ஃப்ளோரிடாவின் நேப்பிள்ஸ். 2025-ல் ஜார்ஜியாவின் ஜான்ஸ் கிரீக். ஓர் ஊரின் தரம் பன்னிரண்டு மாதத்தில் அப்படியா ஏறி இறங்கும்? வீட்டு விலைக்கு எத்தனை எடை, வேலைவாய்ப்புக்கு எத்தனை எடை என்பதை மாற்றினால் முதலிடம் மாறும். நம்மூரிலும் இதே கதைதான். ஒன்றிய அரசின் 'வாழ்வதற்கு எளிதான நகரங்கள்' பட்டியலில் 2018-ல் சென்னைக்கு 14-வது இடம். 2020-க்கான பட்டியலில் 4-வது. இடையில் சென்னையில் என்ன அதிசயம் நடந்தது? 2019 கோடையில் குடிநீர் இல்லாமல் உலகச் செய்தியானது, அவ்வளவுதான்.

இன்னும் வேடிக்கை வேண்டுமென்றால் மாமல்லபுரத்துக்கு வாருங்கள். தொல்லியல் துறையின் கட்டண நினைவிடங்களில் 2021-22-ல் வெளிநாட்டவர் அதிகம் வந்த இடம் தாஜ்மகால் இல்லை, மாமல்லபுரம். இங்கே சுமார் 1.45 லட்சம் பேர், அங்கே 40 ஆயிரத்துக்கும் குறைவு. செய்தித்தாள்கள் கொண்டாடின. ஆனால் அது கொரோனா ஆண்டு. உலகமே வீட்டில் அடைந்திருந்தபோது எடுத்த எண்ணிக்கை. உலகத்தின் ரசனை ஷாஜகானை விட்டு நரசிம்மவர்மன் பக்கம் சாய்ந்துவிட்டது என்று அதிலிருந்து முடிவெடுத்தால் பல்லவர்களே சிரிப்பார்கள்.

ஆகவே பட்டியல்களை விட்டுவிட்டு, மக்கள் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பது நல்லது. அங்கேதான் ஒரு முரண் தெரிகிறது. அமெரிக்கா போன நம் நண்பர்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடும் படங்கள் எந்த ஊரில் எடுத்தவை? நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க், சிகாகோவின் ஏரிக்கரை, சான் ஃப்ரான்சிஸ்கோவின் படகுத்துறை, பாஸ்டனின் செங்கல் தெருக்கள். கடன் வாங்கி வீடு வாங்கியது எங்கே? ஃப்ரிஸ்கோ, பிளேனோ, கேரி, ஆல்ஃபரெட்டா. ஃப்ரிஸ்கோவின் மக்கள்தொகை 2000-ல் 33,714; 2020-ல் 2,00,509. இந்த வளர்ச்சியில் நம்மவர்களின் பங்கு சிறியதல்ல. ரசிப்பது ஓர் ஊரை, குடியிருப்பது வேறோர் ஊரை. பிள்ளைக்குப் பள்ளி வேண்டும், கட்டுப்படியாகும் விலையில் வீடு வேண்டும் என்பதால் அந்தத் தேர்வு. அதில் குற்றம் காண எனக்கு உரிமையில்லை. நான் கேட்பது ஒன்றுதான்: படம் எடுத்துக்கொண்ட அந்த ஊர்கள் எப்படி அப்படி ஆயின?

சிகாகோவை எடுத்துக்கொள்வோம். மிச்சிகன் ஏரிக்கரையில் மைல் கணக்கில் யாரும் நடக்கலாம், உட்காரலாம், யாரையும் கேட்க வேண்டாம். இயற்கை கொடுத்த வரம் என்று நினைப்போம். 1836-ல் நகர வரைபடம் தயாரித்தவர்கள், கரையோர நிலத்தின் ஒரு துண்டில் என்றைக்கும் கட்டடம் வரக்கூடாது என்று எழுதிவைத்தார்கள். பிறகு வந்தவர்கள் அதை மறந்து கட்ட முனைந்தபோது, மான்ட்கோமரி வார்ட் என்ற வணிகர் 1890-ல் வழக்குப் போட்டார். தபாலில் பொருள் விற்றுப் பணக்காரரானவர். அந்த வழக்குகள் 1911 வரை இழுத்தன. நூலகமும் அருங்காட்சியகமும் கட்டவிடாமல் தடுக்கிறார் என்று ஊர்ப் பத்திரிகைகளும் பெரிய மனிதர்களும் அவரைத் திட்டினார்கள். மனிதர் அசரவில்லை. இன்றைக்கு நம் மச்சினர் செல்ஃபி எடுக்கும் கிரான்ட் பார்க் அந்த வழக்குகளின் விளைவு.

சான் ஃப்ரான்சிஸ்கோவில், நகரத்தைக் குறுக்கும் நெடுக்குமாக வெட்டிச் செல்லவிருந்த மேம்பால நெடுஞ்சாலைகளில் பெரும்பாலானவற்றை மக்களின் எதிர்ப்பால் 1959-ல் நகர மன்றம் ரத்துசெய்தது. கடலோரம் கட்டிமுடித்த ஒரு பாலம் மட்டும் படகுத்துறையை மறைத்துக்கொண்டு நின்றது. 1989 நிலநடுக்கத்தில் அது சேதமடைய, சரிசெய்வதா இடிப்பதா என்று ஊரே சண்டை போட்டு, 1991-ல் இடித்தார்கள். இன்று பயணிகள் ரசிக்கும் கடற்கரைச் சாலை அந்தப் பாலம் நின்ற இடம்தான். எல்லாமே இனிமையான கதை இல்லை. சென்ட்ரல் பார்க்குக்காக 1857-ல் செனகா வில்லேஜ் என்ற குடியிருப்பை அப்புறப்படுத்தினார்கள். அங்கே வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். எது பொது, யாருக்கு அது பொது என்ற சண்டையில் தோற்றவர்களும் உண்டு. ஆனால் சண்டையே இல்லாமல் நல்ல ஊர் எதுவும் உருவானதில்லை.

பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-ல் எழுதிய சிறு நூலொன்றில் ஒரு பாகுபாடு வரும். ஓர் அமைப்பு சீரழியும்போது அதில் இருப்பவர் இரண்டு செய்யலாம். வெளியேறலாம். அல்லது குரல் கொடுக்கலாம். வாடிக்கையாளர் வெளியேறுவார், அடுத்த கடைக்குப் போவார். குடிமகன் இருந்து சண்டை போடுவார். எந்த ஊர் நல்ல ஊர் என்பது முழுக்க முழுக்க வாடிக்கையாளரின் கேள்வி. ஊர் என்பது ஏற்கெனவே செய்து அலமாரியில் வைத்த சரக்கு, விலை பார்த்து எடுப்பதுதான் நம் வேலை என்று அந்தக் கேள்வி நம்மை நம்பவைக்கிறது.

எச்-1பி விசாவில் இருக்கும் ஒருவருக்கு வேறு வழியில்லை என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். அவருக்கு வாக்கு இல்லை. வேலை போனால் அறுபது நாளில் இன்னொன்று தேட வேண்டும். ஒரு நாட்டினருக்கு ஆண்டுக்கு ஏழு சதவீதம் என்ற உச்சவரம்பால் பச்சை அட்டைக்குப் பல பத்தாண்டுகள் காத்திருக்க வேண்டும். அங்கே அவரிடம் குரல் என்று ஏதும் இல்லை, கால்கள் மட்டும் இருக்கின்றன. டல்லாஸா சியாட்டிலா என்று அவர் கணக்குப் போடுவது நியாயம்.

ஆனால் நாவலூரில் இருப்பவருக்கு என்ன வந்தது?

சென்னை மாநகராட்சியின் எல்லை செம்மஞ்சேரியோடு முடிந்துவிடுகிறது. அதைத் தாண்டினால் நாவலூர், தாழம்பூர், சிறுசேரி, படூர், கேளம்பாக்கம் எல்லாம் கிராம ஊராட்சிகள். இருபது மாடிக் கோபுரங்கள் நிற்பது சட்டப்படி கிராமத்தில். ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சியின் வரவு செலவை அங்கே வாசிக்க வேண்டும். வாக்காளர் பட்டியலில் பெயருள்ள யாரும் கேள்வி கேட்கலாம், தீர்மானம் கொண்டுவரலாம். நியூ இங்கிலாந்தின் சிற்றூர்களில் 'டவுன் மீட்டிங்' என்று ஊரே கூடி பட்ஜெட் போடும் வழக்கத்தைக் கேட்டு மெய்சிலிர்ப்பவர்கள் நம்மில் உண்டு. அதன் உறவுக்காரர் ஒருவர் நம் வாசலில் தரையில் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்திருக்கிறார். அங்கே நூறு நாள் வேலைக்குப் போகும் அக்காக்களும் விவசாயம் செய்யும் பெரியவர்களும் இருப்பார்கள். கோபுரங்களிலிருந்து இறங்கி வந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம்.

அந்த நாட்கள் நமக்கு 'லாங் வீக்எண்டு'. வாக்கு திருநெல்வேலியிலோ மதுரையிலோ கிடக்கிறது. ஊர்ப் பிரச்சினை என்றால் அடுக்ககச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழு. தண்ணீர் வரவில்லையென்றால் லாரி. அந்த லாரி எந்தக் கிராமத்துக் கிணற்றை உறிஞ்சிவிட்டு வருகிறது, கழிவுநீர் லாரி எந்த ஏரியோரம் போய் நிற்கிறது என்பது மதிலுக்கு வெளியே உள்ள விஷயம். வெள்ளம் வந்தால் காரை மேம்பாலத்தில் ஏற்றிவிட்டு, "பேசாம டல்லாஸ் போயிருக்கலாம்" என்ற பெருமூச்சு. சொந்த ஊரிலேயே விசாவில் இருப்பவரைப் போல வாழ்கிறோம். வாக்கு இருந்தும் இல்லாதவர்களாக.

"கிராம சபைக்கு என்னய்யா அதிகாரம்? கட்டட அனுமதி எல்லாம் மேல கொடுக்கிறான்" என்பார்கள். பாதி உண்மை. பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரம் மக்கள் 2022 முதல் கிராம சபையில் தீர்மானத்துக்கு மேல் தீர்மானம் போட்டார்கள். அதனாலேயே அரசு பின்வாங்கிவிடவில்லை. ஆனால் அந்த ஊரின் பெயரும் ஏரியும் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்ததற்கு அந்தத் தீர்மானங்களும் ஒரு காரணம். நெல் விளைவிக்கும் மக்களுக்கு அந்தக் கருவியின் பயன் தெரிந்திருக்கிறது. பொறியியல் படித்த நாம் மட்டும் 'சிஸ்டம் சரியில்லை' என்று டிக்கெட்டை மூடிவிடுகிறோம். சாட்டிலைட் படத்தில் ஏரியின் எல்லையை ஆண்டுவாரியாக எடுத்துக்காட்டவும், தகவல் உரிமைச் சட்டத்தில் ஆவணம் கேட்டு அடுக்கவும் நமக்கு ஒரு சனிக்கிழமை போதும். கிராம சபையில் அதை வைத்துப் பேச நம்மைவிடப் பொருத்தமானவர் யார்?

இன்னொரு எதிர்வாதம் வலுவானது: வசதிபடைத்தவர்கள் குரல் கொடுத்தால் தங்களுக்காக மட்டுமே கொடுப்பார்கள். 2025-ல் முதலிடம் பிடித்த ஜான்ஸ் கிரீக் அதற்குச் சாட்சி. 2006-க்கு முன் அப்படி ஒரு நகராட்சியே இல்லை. குடியிருப்பவர்கள் வாக்களித்துத் தனி நகரமாகிக்கொண்டார்கள். தங்கள் வரிப்பணம் கவுன்ட்டியின் ஏழைப் பகுதிகளுக்குப் போகாமல் பார்த்துக்கொண்டார்கள் என்ற விமர்சனம் அந்த வட்டாரத்துப் புதிய நகரங்கள் எல்லாவற்றின் மேலும் உண்டு. இங்கேயும் அது நடக்கலாம். அதனால்தான் அடுக்ககச் சங்கம் போதாது என்கிறேன். ஜமுக்காளத்தில் பக்கத்தில் உட்காருபவர் லாரித் தண்ணீருக்குக் கிணற்றை இழந்தவராக இருக்கும்போது, நமக்கு மட்டும் தண்ணீர் கேட்பது அவ்வளவு சுலபமாக வாயில் வராது.

முடியாது என்ற பேச்சுக்கு மாமல்லபுரமே பதில். 2019 அக்டோபரில் சீன அதிபர் வந்தார். சாலைகள் புதிதாயின, கடற்கரை சுத்தமானது, விளக்குகள் எரிந்தன. 2022-ல் செஸ் ஒலிம்பியாட், மறுபடியும் அதே மினுக்கம். செய்யத் தெரியும், பணமும் உண்டு என்று இரண்டு முறை நிரூபித்தாகிவிட்டது. விருந்தாளி வரும்போது மட்டும் வீடு கூட்டுகிறோம், ஏனென்றால் கூட்டச் சொல்லிக் கேட்க வீட்டில் ஆளில்லை.

இப்போது கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிய 2022-ல் அரசாணை வந்தது. செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் புது நகர வளர்ச்சித் திட்டங்கள் தயாராகின்றன. மெட்ரோ சிறுசேரி வரை வருகிறது. கிளாம்பாக்கத்தில் 2023 டிசம்பரில் பேருந்து முனையம் திறந்தபோது பக்கத்தில் ரயில் நிலையம் இல்லை. மூட்டையோடு இறங்கியவர்கள் ஊரப்பாக்கத்துக்கும் வண்டலூருக்கும் அலைந்தார்கள். அந்த மாதிரி முடிவுகள் இனி இந்தக் கடற்கரை முழுக்க எடுக்கப்படும். கொளவாய் ஏரி எவ்வளவு மிஞ்சும், முட்டுக்காட்டிலிருந்து மாமல்லபுரம் வரை ரிசார்ட் மதில்களுக்கு நடுவே மீனவர் வலை காயவைக்கவும் நாம் கால் நனைக்கவும் வழி இருக்குமா, நடைபாதை என்று ஒன்று இருக்குமா என்பதெல்லாம் நாம் பள்ளி மதிப்பெண் ஒப்பிட்டுக்கொண்டிருக்கும் இந்த ஆண்டுகளில்தான் தீர்மானமாகும். சும்மா இருந்தால் டல்லாஸின் கார் நெரிசல் கிடைக்கும், டல்லாஸின் பொது நூலகம் கிடைக்காது.

வாக்காளர் பட்டியலில் முகவரி மாற்ற படிவம் 8. இணையத்திலேயே நிரப்பலாம், பத்து நிமிடம் ஆகும். ஃப்ரிஸ்கோவா ஃப்ரீமான்ட்டா என்பதை அதற்குப் பிறகு பேசலாம்.