இல்லத்துக் கருவி பேச மறுத்தபோது



அயல்நாட்டில் பணியாற்றும் பிள்ளைகள் விடுமுறையில் வரும்போது, முதிய பெற்றோரின் வசதிக்கென்று விளக்கு, விசிறி, தண்ணீர் மோட்டார் ஆகியவற்றைத் தாமே இயக்கும் கருவிகளைப் பொருத்திச் செல்வதை இன்று பல குடும்பங்களில் காண்கிறோம். பொருத்தியவர் விமானம் ஏறிவிடுகிறார். கருவியோ வீட்டிலேயே தங்கிவிடுகிறது. அது பழுதுறுங்கால் பெற்றோர் யாரிடம் போவர்? சென்ற திங்களில் ஒரு பெரியவர் நம்மிடம் வந்தார். பங்கு அலுவலகத்துக் கணிப்பொறியை நாமே கையாளுகிறோம் என்பதைத் தவிர, இத்துறையில் நமக்கு வேறு தகுதி எதுவுமில்லை என்பதை முதற்கண் சொல்லிவிடுகிறோம்.

"சாமி, நேற்று ராத்திரி அவள் எழுந்து போகும்போது விளக்கு எரியவில்லை. கதவு நிலையில் முழங்காலை இடித்துக்கொண்டாள். இந்தப் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, பழைய சுவிட்சையே வைத்துவிடலாம் என்று பார்க்கிறேன்" என்றார் அவர். குரலில் கோபத்தினும் அச்சமே மிகுதியாயிருந்தது. அவருடைய துணைவியார் எழுபதைக் கடந்தவர். இரவில் இருமுறை எழுபவர். கட்டிலிலிருந்து கால் தரையில் பட்டதும், சுவரிலுள்ள உணர்கருவி அவருடைய அசைவை அறிந்து நடைவழி விளக்கை ஏற்றும். அதற்கெனவே மகன் இதனை அமைத்திருந்தார்.

அவ்வீட்டிலிருந்தது ராஸ்பெரி பை என்னும் சிறு கணிப்பொறி, உள்ளங்கையில் அடங்கிவிடும். இங்கிலாந்தில் 2012ஆம் ஆண்டில் மாணவர்களை மனத்திற்கொண்டு வெளியிடப்பட்ட இப்பலகை, பின்னர் உலகெங்கும் இத்தகைய பணிகளுக்குப் பயன்படலாயிற்று. அதனுள் இயங்கிய மென்பொருள் ஹோம் அசிஸ்டன்ட். பாலஸ் ஸ்கௌட்சன் என்பவர் 2013இல் தொடங்கி, விலையின்றி யாவருக்கும் திறந்து வைத்தது. 2024 முதல் ஓப்பன் ஹோம் பவுண்டேஷன் என்னும் அமைப்பின் உடைமையாயிருக்கிறது. இதனை நிர்வகிக்கத் தனித் திரை ஏதுமில்லை. வீட்டிலுள்ள மற்றொரு கணிப்பொறியின் உலாவியில் அதன் முகவரியையும் 8123 என்னும் எண்ணையும் இட்டால் நிர்வாகப் பக்கம் திறக்கும். அப்பக்கமும் அன்று திறக்கவில்லை. ஆதலின் "பெட்டி செத்துவிட்டது" என்ற முடிவுக்கு வீட்டார் வந்திருந்தனர்.

நாம் சென்றபோது பெரியவர் மின்கம்பியைப் பிடுங்கி மீண்டும் செருக முனைந்தார். வேண்டாமென்று தடுத்தோம். தொலைக்காட்சிப் பெட்டிக்கு அது பொருந்தலாம். இப்பலகையோ தன் நினைவு முழுவதையும் விரல் நகமளவு அட்டை ஒன்றில் வைத்திருக்கிறது. அதில் எழுதிக்கொண்டிருக்கும் வேளையில் மின்சாரம் அறுந்தால் அட்டையே கெட்டுப்போக வாய்ப்புண்டு. முதலில் கண்ணால் பார்த்தோம். சிவப்பு விளக்கு நிலையாக எரிந்தது: மின்சாரம் உண்டு. பச்சை விளக்கு விட்டுவிட்டு மின்னிற்று: அட்டை படிக்கப்படுகிறது. வலைக்கம்பி செருகிய இடத்திலும் ஒளி இருந்தது. பெட்டி சாகவில்லை.

"அண்மையில் வீட்டில் ஏதேனும் மாற்றினீர்களா?" என வினவினோம். இல்லை என்றார் பெரியவர். அம்மையார்தாம், "நேற்று மத்தியானம் இன்டர்நெட்காரத் தம்பி வந்து புது ரவுட்டர் வைத்துவிட்டுப் போனாரே" என்றார். அதை வைக்க இடமில்லாமையால் எல்லாவற்றையும் கழற்றி, அலமாரியின் மேல்தட்டுக்கு மாற்றியிருந்தனர். நமக்கு வேண்டிய செய்தி அதுவே.

வீட்டு வலையிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டரே எண் முகவரி வழங்குகிறது. பழைய ரவுட்டர் 192.168.1 எனத் தொடங்கும் எண்களைத் தந்தது; புதியதோ 192.168.0 எனத் தொடங்குவனவற்றைத் தந்தது. உலாவியில் மகன் குறித்து வைத்திருந்தது பழைய எண். ஒருவர் வீடு மாறிய பின் பழைய விலாசத்துக்குக் கடிதம் எழுதிவிட்டு, பதில் வரவில்லையே என்று வருந்துவது போன்றது இது. எண்ணுக்குப் பதில் ஹோம்அசிஸ்டன்ட்.லோக்கல் என்னும் பெயரால் அழைக்கவும் வழியுண்டு. அவர்களுடைய பழைய கணிப்பொறிக்கு அப்பெயர் விளங்கவில்லை. எனவே ரவுட்டரின் சொந்தப் பக்கத்தைத் திறந்து, இணைந்துள்ள கருவிகளின் பட்டியலைப் பார்த்தோம். அதில் நமது பலகையின் புதிய எண் இருந்தது. அதனை இட்டோம், திறக்கவில்லை. பின்னர்தான் கவனித்தோம், உலாவி தானாகவே எச்டிடிபிஎஸ் என்று முன்னொட்டுச் சேர்த்திருந்தது. வீட்டு வலைக்குள் இம்மென்பொருள் வழக்கமாக எச்டிடிபி என்பதற்கே செவிசாய்க்கும். அந்த ஓர் எழுத்தை நீக்கியதும் பக்கம் திறந்தது.

திறந்ததும் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டது. பெரியவர் நம் முகத்தைப் பார்த்தார். நாம் அவர் முகத்தைப் பார்த்தோம். தம் வீட்டு விளக்கின் திறவுகோல் அவரிடம் இல்லை! மகன் இருந்த நாட்டில் அப்போது நள்ளிரவு. பலகையில் நேரடியாக விசைப்பலகையும் திரையும் பொருத்திக் கடவுச்சொல்லைப் புதுப்பிக்க வழியுண்டு எனினும், மகனுடைய இசைவின்றி அதைச் செய்ய நாம் விரும்பவில்லை. மாலையில் அவர் தொலைபேசியில் கிடைத்தார்.

உள்ளே நுழைந்தபோது காரணத்தின் மறுபாதி வெளிப்பட்டது. கருவி மீட்புநிலையில் இயங்குவதாகப் பக்கத்தின் மேலேயே அறிவிப்பு. அதாவது, அமைப்புக் கோப்பைப் படிக்க இயலாமையால், திருத்துவதற்கு வேண்டிய அளவு மட்டும் விழித்துக்கொண்டு, விளக்கேற்றும் கட்டளைகள் அனைத்தையும் நிறுத்தி வைத்திருந்தது. பதிவுகளைப் பார்த்தோம். கோப்பின் இத்தனையாவது வரியில் டேப் எழுத்து இருக்கிறது, அது அங்கு வரலாகாது எனத் தெளிவாகக் குறித்திருந்தது. யாமல் என்னும் முறையில் எழுதப்படும் அக்கோப்பில், எந்த வரி எதற்கு உட்பட்டது என்பதை வரியின் முன்னுள்ள இடைவெளியே காட்டும். டேப் விசையின் அகலம் செயலிக்குச் செயலி மாறுபடுமாதலால், வரியை உள்தள்ள அதனைப் பயன்படுத்தலாகாது என்பது விதி. கண்ணுக்கு இரண்டும் வெற்றிடமே, வேறுபாடு தெரியாது. சிறு எழுத்துப்பிழைக்கு இத்துணைத் தண்டனையா என்று நமக்கும் எரிச்சல் வந்ததை மறைப்பதற்கில்லை.

"எல்லாம் அந்த இன்டர்நெட்காரன் செய்த வேலை" என்றார் பெரியவர். ரவுட்டர் வைக்க வந்தவர் கோப்பைத் தொட்டிருக்க முடியாது. அவ்வீட்டில் தங்கிக் கல்லூரியில் பயிலும் அவருடைய தங்கை மகன், சற்று நேரமாகக் கதவருகே நின்றுகொண்டிருந்தான். "கோப்பை யாராவது திறந்தீர்களா, தம்பி?" எனக் கேட்டோம். "நான்தான் சாமி" என்றான் தரையைப் பார்த்தபடி. விளக்கு இரண்டு நிமிடத்தில் அணைந்துவிடுகிறது. அத்தை மெதுவாக நடப்பதால் திரும்பி வருமுன் இருட்டாகிவிடுகிறது. எனவே ஐந்து நிமிடமாக்க எண்ணி, பத்து நாட்களுக்கு முன் கணிப்பொறியில் நோட்பேடைக் கொண்டு அக்கோப்பைத் திருத்தியிருக்கிறான். இரண்டு நிமிடம் மாறவில்லை. சரி, பலிக்கவில்லை என்று விட்டுவிட்டான்.

கருவி தொடங்கும்போது ஒருமுறைதான் அக்கோப்பைப் படிக்கும். அதன்பின் பிழையான கோப்பு அட்டையில் இருந்தாலும், முன்பு படித்த சரியான கட்டளைகளைக் கொண்டே ஓடிக்கொண்டிருக்கும். பத்து நாட்கள் அவ்வாறு ஓடிற்று. ரவுட்டருக்காக மின்கம்பியைக் கழற்றிச் செருகிய அந்நொடியில் பிழை விழித்துக்கொண்டது. இளைஞனின் பிழையும் புதிய முகவரியும் ஒரே நாளில் கைகோத்தமையால், ஒன்றை மற்றொன்று மறைத்துவிட்டது. பிழை என்றாலும், அவன் செய்ய நினைத்தது சரியானதே. மகனும் பெரியவரும் எண்ணிப் பாராததை, அத்தையின் நடையைப் பார்த்தவன் அவனொருவனே. பெரியவரிடம் இதனைச் சொன்னோம். அவர் ஒன்றும் பேசவில்லை. அவனுக்கு நாற்காலி இழுத்துப் போட்டார்.

டேப்பை நீக்கி இடைவெளி விசையால் அவனையே நிரப்பச் செய்தோம். நிர்வாகப் பக்கத்தில் அமைப்பைச் சரிபார்க்கும் பொத்தான் ஒன்றுண்டு. கோப்பைத் தொட்ட ஒவ்வொரு முறையும் மறுதொடக்கத்துக்கு முன் அதனை அழுத்துக. பிழையில்லை என்று வந்தபின் மறுதொடக்கம் செய்தான். எல்லாம் வந்தன; ஆயினும் நடைவழி விளக்கு ஒருமுறை எரிந்தது, மறுமுறை எரியவில்லை. இடம் மாற்றியபோது, ஜிக்பீ அலைகளைப் பெறும் சிறு குச்சியை நீட்டிப்புக் கம்பியின்றி நேரே நீலநிற யுஎஸ்பி துளையில் செருகியிருந்தனர். அத்துளை யுஎஸ்பி 3.0 வகை; 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் எழுப்பக்கூடியது. ஜிக்பீ பேசுவதும் அதே அலைவரிசையில்தான். சந்தைக் கூச்சலின் நடுவே மெல்லப் பேசுவோரின் நிலை! பலகையை முறைப்படி நிறுத்தி, பழைய கம்பியைத் தேடியெடுத்து, கறுப்புத் துளையில் செருகி, குச்சியை ஒரு முழம் தள்ளி வைத்தபின் விளக்கு தவறவில்லை.

இரவு மகன் மீண்டும் அழைத்தார். "அதைக் கழற்ற வேண்டாம் அப்பா" என்றார். "கழற்றவில்லை, ஆனால் கட்டிலருகே ஒரு சாதாரண சுவிட்ச் வேண்டும்" என்றார் பெரியவர். மகனுக்கு அது சிறிது மனத்தாங்கல். நாம் பெரியவரின் பக்கமே நின்றோம். கணிப்பொறி உறங்கினும் கைக்கு எட்டும் சுவிட்ச் ஒன்று முதியோர் அறையில் இருந்தேயாக வேண்டும். மகன் ஒப்புக்கொண்டார். பலகைக்கு ஒரே எண்ணை நிலையாக ஒதுக்குமாறு ரவுட்டரில் குறிக்கவும், அமைப்பின் முழுப் படியொன்றை மாதந்தோறும் கணிப்பொறியில் எடுத்து வைக்கவும் தங்கை மகனுக்குச் சொல்லிக் கொடுத்தார்.

முகவரியையும் கடவுச்சொல்லையும் இளைஞன் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதினான். பெரியவர் அதனை பீரோவின் உட்கதவில், நிலப்பத்திர உறைக்கு மேலே ஒட்டிவைத்தார். அம்மையார் எழுந்து நடைவழியில் ஒருமுறை மெல்ல நடந்து போய்த் திரும்பினார். ஐந்து நிமிடம் ஆகவில்லை; விளக்கு எரிந்துகொண்டிருந்தது.